உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர்த் தொட்டியும் தீர்மான நோட்டும்

தேனியிலிருந்து வருசநாட்டுப் பேருந்தில் ஏறினால் கண்டமனூர், கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று வழியில் வரும் ஊர் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஓர் அரசாங்கம் இருக்கிறது. கடமலை-மயிலை ஒன்றியத்தில் 18 கிராம ஊராட்சிகள். தேனி மாவட்டம் முழுக்க 8 ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள். கம்பம் ஒன்றியத்துக்கு மட்டும் ஐந்தே ஊராட்சிகள்தான். பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கில் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் வரிசையாக உட்கார்ந்துகொண்டதால் ஊராட்சிக்கு மிஞ்சிய இடம் குறைவு. கடமலை-மயிலையில் ஒரு பேரூராட்சிகூடக் கிடையாது. தெருவிளக்கு எரியவில்லையா, குழாயில் காற்று வருகிறதா, சாக்கடை தேங்கிவிட்டதா? இந்த மலையடிவாரத்துக்காரர்கள் போய் நிற்க வேண்டிய வாசல் ஊராட்சி அலுவலகம் ஒன்றுதான்.

◆

மேகமலை என்றதும் தேயிலைத் தோட்டம் நினைவுக்கு வரும். அந்தத் தோட்டங்கள் இருப்பது சின்னமனூர்ப் பக்கமாக ஏறிப்போகும் ஹைவேவிஸ் பேரூராட்சியில். ‘மேகமலை ஊராட்சி’ என்பது வேறு. அது கடமலை-மயிலை ஒன்றியத்தைச் சேர்ந்தது. அரசரடி, வெள்ளிமலை, பொம்மராஜபுரம், இந்திரா நகர் போன்ற காட்டுக் குடியிருப்புகள் அதன் கணக்கில் வருகின்றன. மலையின் பெயர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. மனு எழுதும்போது இதைக் கவனிக்காவிட்டால் மனு மலையைச் சுற்றி வந்துவிடும்.

◆

பிரசிடெண்டு, கிளார்க்கு, வி.ஏ.ஓ. இந்த மூவரையும் ஒரே அலுவலகத்து ஆட்களாக நினைப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். அதனால் வீணாகும் நடை கொஞ்சமல்ல. கூலி வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரசிடெண்டு என்கிற ஊராட்சி மன்றத் தலைவர் நாம் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். கிளார்க்கு என்று ஊரில் இன்னமும் சொல்லப்படுபவர் ஊராட்சிச் செயலர். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், கணக்கு, கிராம சபைத் தீர்மானம் எல்லாம் அவர் கையில். கிராம நிர்வாக அலுவலராகிய வி.ஏ.ஓ. வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பட்டா, அடங்கல், புறம்போக்கு என நிலம் சம்பந்தப்பட்டது எதுவானாலும் அவரிடம் போக வேண்டும். அவர் தாசில்தாருக்குக் கட்டுப்பட்டவர், பிரசிடெண்டுக்கு அல்ல. முன்பு கணக்குப்பிள்ளை, முன்சீப் என்று பரம்பரையாக வந்த கிராமப் பதவிகளை 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்த பிறகு வந்ததுதான் இந்த வி.ஏ.ஓ. பதவி.

வீட்டு வரி ரசீதுக்கு வி.ஏ.ஓ.வைத் தேட வேண்டாம். பட்டாவுக்குப் பிரசிடெண்டைப் பிடித்துப் பயனில்லை.

◆

யூனியன் ஆபீஸில் பி.டி.ஓ. எனப்படும் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் அல்ல, இருவர். ஒருவர் ஒன்றியத்தின் வேலைகளைப் பார்ப்பவர். இன்னொருவரின் பெயர்ப்பலகையில் ‘கிராம ஊராட்சி’ என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஊராட்சி பற்றிய புகாரை அந்த இரண்டாமவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

◆

ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்றித் திறந்து விடுகிறாரே, அந்த டேங்க் ஆபரேட்டர் தினமும் போடும் கணக்கு இது. 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை வைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஊற்றியபின் அரை மணி நேரமாவது விட்டுத்தான் வால்வைத் திறக்க வேண்டும். அப்போதுதான் கிருமி சாகும். மூட்டையைப் பிரித்து ஈரத்தில் போட்டு வைத்தால் பவுடரின் வீரியம் போய்விடும். பிறகு அது வெறும் வெள்ளைத் தூள்.

சரியாகப் போடப்பட்டதா என்று தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் பார்த்தால் போதாது. கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால்தான் வழியிலுள்ள எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். கடைசித் தெரு பெரும்பாலும் யாருடைய தெரு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழாயைத் திறந்து பார்க்கும் தலைவரே நல்ல தலைவர் என்பது என் எண்ணம்.

தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது தலையை உயர்த்திப் பாருங்கள். பழைய தேதியாக இருந்தால் கேளுங்கள்.

◆

வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். மதுரைக்காரர்களுக்கு வைகை ஆறு. வருசநாட்டுக்காரர்களுக்கு அது மூல வைகை, தங்கள் குடிதண்ணீர்க் கிணறும் அதுதான். ஆற்றுக்குள்ளேயே உறைகிணறு தோண்டி, அங்கிருந்து மோட்டார் வைத்துத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் குழாயோ மோட்டாரோ போய்விடும் பயம். கோடையில் மணலுக்கு அடியில் நீர் இறங்கிவிடும் பயம். 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் 71 அடி நீர்மட்டம் நாள் தவறாமல் செய்தித்தாளில் வருகிறது. அணைக்கு மேலே இருக்கும் இந்தக் கிணறுகளின் மட்டத்தை நாள் தவறாமல் பார்ப்பவர் அந்தந்த ஊர் ஆபரேட்டர் ஒருவர்தான்.

◆

ஒரு கிராம ஊராட்சிக்கு வங்கியில் மூன்று கணக்குகள் உண்டு. முதலாவது பொதுக் கணக்கு. வீட்டு வரி, தொழில் வரி, ஏலக் குத்தகை முதலியவை இதில் சேரும். இரண்டாவது, மின்வாரியத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்ட வேண்டிய பணத்துக்கென்றே ஒதுக்கி வைத்த கணக்கு. தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் கரண்ட் பில் இதிலிருந்து போகிறது. மூன்றாவது திட்டப் பணம். காசோலையில் தலைவர் கையெழுத்து மட்டும் இருந்தால் செல்லாது, துணைத் தலைவரும் போட வேண்டும். துணைத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றுமில்லாத பதவி என்று பலர் நினைக்கும் அந்த நாற்காலிக்குப் போட்டி ஏன் அவ்வளவு கடுமை என்பது இப்போது விளங்கும். அந்த இருவருக்கும் ஆகாமல் போனால் ஊரின் வேலை நின்றுவிடும்.

◆

நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு நூலகத்துக்கும் பணம் கட்டுகிறீர்கள். வரி 100 ரூபாய் என்றால் அதன்மேல் 10 ரூபாய் நூலக வரி. ஊராட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு இது. எஸ்.ஆர். அரங்கநாதன் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்தச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். உங்கள் ஊர் நூலகத்துக் கதவு பூட்டியே கிடந்தால், அதற்குப் பணம் கட்டியவர் என்ற முறையில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

◆

தலைவர் பதவிக்கு நிற்க 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு நிற்க 25 ஆக வேண்டும். 2019 உள்ளாட்சித் தேர்தலில் தலைவர் பதவிக்கு வைப்புத் தொகை 600 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 200. பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் அதில் பாதி. தலைவர் வேட்பாளர் 34,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வரம்பு. ஜெயித்து வந்தவருக்கு மாத மதிப்பூதியம் அப்போது 1,000 ரூபாய், பின்னர் 2,000 ஆனது. ஒரு நாளைக்கு எழுபது ரூபாய்கூட வரவில்லை. நேர்மையாக வேலை பார்க்கும் தலைவரின் குடும்பம் எதில் சாப்பிடும் என்ற கேள்வியை நாம் இன்னும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை.

◆

கிராமத்து வாக்காளர் ஒரே நேரத்தில் நான்கு ஓட்டுப் போடுகிறார். தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள், வார்டு உறுப்பினருக்கு வெள்ளை. இரண்டு வார்டுக்கு ஒரே வாக்குச்சாவடி என்றால் ஒன்றுக்கு நீலம். எல்லாம் காகிதம்தான், பொத்தான் அழுத்தும் எந்திரம் இல்லை. தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் உண்டு.

◆

வருசநாட்டுக்குக் கிழக்கே மலையைத் தாண்டினால் உசிலம்பட்டிப் பக்கம். அங்கே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, அடுத்து நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் என நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அந்த நாற்காலிகளில் யாரும் நிலையாக உட்கார முடியவில்லை. மனுத் தாக்கல் இல்லாமல் போகும். மீறி நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்துவிடுவார். அப்படிச் செய்யும்படி செய்தார்கள். 2006-இல், மதுரை ஆட்சியராக உதயச்சந்திரன் இருந்தபோது, ஊர் ஊராகப் பேசிப் பேசித்தான் தேர்தல் உண்மையிலேயே நடந்தது. அந்த நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து ‘சமத்துவப் பெருவிழா’ எடுத்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. 2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் ஸ்டாலின் கிராம சபையில் உட்கார்ந்தது அதே பாப்பாபட்டியில்.

இதற்கு இடையில் மேலூர்ப் பக்கத்து மேலவளவை மறந்துவிடக் கூடாது. அங்கே ஒதுக்கீட்டுத் தொகுதியில் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 2022-இல், பட்டியல் இனத் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று தடையில்லாமல் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஒரு தலைவர் தன் ஊரில் கொடியேற்றுவதற்குக் கடிதம் தேவைப்படும் நிலை எனக்கு வலிக்கிறது.

◆

அரசியல் சட்டம் பெண்களுக்கு ஊராட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடம் கட்டாயம் என்கிறது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. பெண் தலைவரின் நாற்காலியில் வீட்டுக்காரர் உட்காருவது பற்றி நிறையப் பேசிவிட்டோம். இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். காசோலையில் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது. தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. கணவர் செய்த செலவுக்கு மனைவி சட்டப்படி பொறுப்பு. இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து கணக்கு நோட்டைத் தானே வாங்கிப் பார்க்கும் பெண் தலைவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் தேவை கணக்குப் பயிற்சி. பொன்னாடை அப்புறம்.

◆

கிராம சபை ஆண்டுக்கு எத்தனை முறை? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்தது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய இரண்டையும் 2022-இல் சேர்த்தார்கள். இப்போது ஆறு.

எத்தனை பேர் வந்தால் செல்லும் என்பதற்கும் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை. ஊராட்சியின் வரவுசெலவுத் திட்டம், தணிக்கை அறிக்கை, ஊர் வளர்ச்சித் திட்டம் மூன்றும் சபையின் ஒப்புதலுக்கு வந்தாக வேண்டும். தீர்மான நோட்டில் எழுதி முடிப்பதற்கு முன்பே வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. போடாதீர்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

◆

கிராம சபைக்கு ஆள் கூட்டப் பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கம் இனி வேண்டாம் என்று 2022-இல் அரசு உத்தரவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் சொல்லலாம். ஒரு சாதியாரின் தலையில் மட்டும் கட்டப்பட்டிருந்த வேலை அது. அப்போது தலைமைச் செயலராக இருந்தவர் வெ. இறையன்பு.

◆

சுவிட்சர்லாந்தின் கிளாருஸ் மாநிலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் திறந்த மைதானத்தில் கூடி, கையைத் தூக்கியே சட்டம் நிறைவேற்றுகிறார்கள். அப்பென்செல் என்ற இன்னொரு மலைநாட்டிலும் இந்த வழக்கம் உண்டு. ஆனால் அப்பென்செல் உட்பகுதியில் பெண்களுக்கு அங்கே கை தூக்கும் உரிமை 1990-இல்தான், அதுவும் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. வருசநாட்டுப் பக்கம் கிராம சபைக்கு வந்து தண்ணீருக்காகக் குரல் கொடுக்கும் பெண்களை நினைத்துக்கொள்கிறேன்.

◆

கம்பம் மெட்டு ஏறினால் கேரளம். அங்கே மொத்தம் 941 கிராமப் பஞ்சாயத்துகள்தான். தமிழ்நாட்டில் 2019 தேர்தலின்போது 12,500-க்கும் மேல். அவர்கள் பஞ்சாயத்து பெரியது, சராசரியாக இருபதாயிரம் பேருக்கு மேல். ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண் அலுவலகம் எல்லாம் பஞ்சாயத்தின் கீழ். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் மாநிலத் திட்டப் பணத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. நம் ஊராட்சி சின்னது. தலைவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார், அது நல்லது. ஆனால் ஊரில் காய்ச்சல் பரவினால் டாக்டரைக் கேட்க அவருக்கு அதிகாரம் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் அதிகாரம் இல்லாமலும், அதிகாரம் இருப்பவர் பக்கத்தில் இல்லாமலும் இருப்பதுதான் மலையோரத்துக்காரர்களின் பெரும் பாடு.

◆

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றால் குடவோலை நினைவுக்கு வரும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியது. ஓலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதிலுள்ள வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. அது நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை, எல்லோருடைய சபையும் அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

◆

ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தின் உயிர்நாடி. ஆனால் 2016 அக்டோபரில் முடிந்த பதவிக் காலத்துக்கு அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அப்படி வந்தவர்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிய, நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பி.டி.ஓ. ஒருவர் ஒன்றியத்தின் எல்லா ஊருக்கும் தலைவராக இருந்தால், மலைக் குடியிருப்புக்காரர் எந்தக் கதவைத் தட்டுவார்? அப்படிப்பட்ட நாட்களிலும் கிராம சபை கூடலாம், கூட வேண்டும். அது வாக்காளர்களின் சபை, தலைவர் இல்லாவிட்டாலும் கலைவதில்லை.

◆

வருசநாட்டு மலைக்காடுகள் முதலில் மேகமலை வன உயிரினச் சரணாலயத்துக்குள்ளும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் வந்தன. நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம் இது. அதற்குப் பிறகு காட்டுக்குள்ளிருக்கும் ஊருக்குச் சாலை போடவே முடியாது என்று பலர் கைவிட்டுவிட்டார்கள். புலியும் காடும் காக்கப்பட வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. காடு போனால் வைகையும் போகும். ஆனால் முடியவே முடியாது என்பது சரியல்ல.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள். காட்டில் வாழும் மக்களுக்காகப் பள்ளி, அங்கன்வாடி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என 13 வகை வசதிகளுக்கு வனநிலத்தை ஒதுக்கலாம் என்கிறது. நிபந்தனைகள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் கிராம சபை என்பது ஊராட்சி முழுவதற்குமான சபையாகவே இருக்க வேண்டும் என்றில்லை. வருவாய்க் கிராமமாகப் பதிவாகாத பழைய வனக் குடியிருப்பும் தனியே கூடலாம். உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2008 முதல் 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவது நின்றிருந்தது. அதனாலேயே இங்குள்ள பளியர் பழங்குடிக் குடியிருப்புகள் பலவற்றில் இந்தச் சட்டத்தின் பேச்சு தாமதமாகத்தான் எட்டியது.

தீர்மானம் எழுதும்போது ‘சாலை வசதி செய்து தர வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர் நீளம், எத்தனை மீட்டர் அகலம், வழியில் நிற்கும் மரங்கள் எத்தனை என்று நடந்து எண்ணி எழுதுங்கள். வந்திருந்த பெண்களின் கையெழுத்தைத் தனியாக எண்ணிக் குறியுங்கள். 3(2) என்ற எண்ணையும் மறக்காமல் எழுதி, நகல் ஒன்றை ஊரிலேயே வைத்துக்கொண்டு, மற்றொன்றை மாவட்ட வன அலுவலரிடம் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கி வாருங்கள்.